கணக்கப்பிள்ளை கையெழுத்து

தாய்மாமன் என்ற ஸ்தானத்துக்கு எங்கள் குடும்பத்தில் விதிக்கப்பட்டிருக்கும் கடமைகள் பல; அவற்றுள் சாஸ்திரத்தில் இடம் பெறாததும், எவராலும் தட்டிக்கழிக்க முடியாததுமான ஒன்று, கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைத் திருத்திக் கொடுப்பது. பத்திரிகை ஆபீசுகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் இந்தப் பொறுப்பு வேறு யார் தலையிலும் விழுவதில்லை. சென்ற தை மாதம் என் தங்கை மகளின் கல்யாணத்துக்கும் அப்படியேதான் நேர்ந்தது. பத்திரிகையின் தமிழ்ப் பக்கத்தை அச்சகத்தார் பிள்ளையாரும் பூர்ணகும்பமும் வாழைமரமும் போட்டு வழக்கம்போல் தயாரித்து அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலப் பக்கத்தைத் தானே அமைத்துக்கொள்வதாகச் சொல்லி, மணப்பெண் தன்னுடைய ஆப்பிள் மடிக்கணினியோடு கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. பேர் ரெண்டையும் இந்த ஃபாண்ட்ல போட்டிருக்கேன். கையால எழுதின மாதிரியே இருக்கு இல்ல? ஒரு ராஜ களை வந்துடுத்து."

பார்த்தேன். வலப்புறமாகச் சாய்ந்து, மயிரிழையாக மேலே ஏறி, கனத்த கோடாகக் கீழே இறங்கி, ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தோளில் கைபோட்டுக்கொள்ள, இரண்டு பெயர்களும் எங்கும் அறுபடாத இரண்டு கொடிகளைப் போல் திரையில் படர்ந்திருந்தன. ஓரத்தில் எழுத்துருவின் பெயர் இருந்தது: ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். ராஜ களை என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. முகூர்த்தத்துக்கு ஐந்து வாரமே இருக்கும்போது மணப்பெண்ணை மறுத்துப் பேசுவது விவேகமாகாது. ஆயினும் அந்த எழுத்தின் பூர்வோத்தரம் ஓரளவு தெரிந்தவனாகையால் எனக்குள் ஒரு சிரிப்பு எழுந்தது. ராஜசபைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அது பேரேடுகளில் வளர்ந்த எழுத்து. அதை வகுத்துக் கொடுத்தவர் ஒரு கணக்கர்.

சார்ல்ஸ் ஸ்னெல் 1667-ஆம் ஆண்டில் பிறந்து 1733-இல் காலமானவர். லண்டனில் ஃபாஸ்டர் லேன் என்ற தெருவில் இருந்துகொண்டு, 'எழுத்தாசானும் கணக்கரும்' என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு ஜீவனம் நடத்தியவர். இந்த இரண்டு உத்தியோகங்களும் ஒருவரிடம் சேர்ந்திருந்தது அந்தக் காலத்தில் விசித்திரமன்று. வியாபாரியின் பிள்ளை உலகத்துக்குள் அடியெடுத்து வைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை அழகான கையெழுத்து, கூட்டல் கழித்தல், பேரேடு எழுதுதல் ஆகிய மூன்றே என்று லண்டன் வர்த்தகர்கள் கருதினார்கள். இம்மூன்றையும் ஒரே ஆசானிடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பயில்வது சம்பிரதாயமாக இருந்தது. ஸ்னெல்லின் எழுத்து மாதிரிப் புத்தகமான 'பென்மேன்ஸ் டிரெஷரி ஓப்பன்ட்' 1694-இல் வெளிவந்தது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து ஸ்தாபிக்கப்பட்டதும் அதே வருஷத்தில்தான் என்பதைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம், ஆனால் அர்த்தமற்ற தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனெனில் அதுவரை இங்கிலாந்தில் கையெழுத்து என்பது ஒன்றாக இருக்கவில்லை. நியாயஸ்தலத்துக்கு ஒன்று, அரசாங்கத்தின் சாசனச் சாலைக்கு ஒன்று, கடிதங்களுக்கு ஒன்று என்று இலாகாவுக்கு ஒரு கையெழுத்து இருந்தது. ஓர் இலாகாவின் எழுத்தை மற்றோர் இலாகாக்காரர் படிப்பதே பிரயாசையாக இருந்தது. கப்பலும் கடனும் காப்பீடும் பெருகி, ஒருவர் எழுதியதை முன்பின் அறியாத மற்றொருவர், அதுவும் கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, சந்தேகத்துக்கு இடமின்றிப் படித்தாக வேண்டிய காலம் வந்தபோது, எல்லோருக்கும் பொதுவான, வேகமாக எழுதக்கூடிய, தெளிவான ஒரு கை தேவைப்பட்டது. இத்தாலியர்களின் சாய்வெழுத்திலிருந்து பிறந்து, ஆங்கில வியாபாரிகளின் கையில் உருண்டு திரண்டு உருவான அந்த எழுத்துக்குத்தான் வட்டக் கை, ரவுண்ட் ஹேண்ட் என்று பெயர். பேனாவைத் தூக்காமலே ஒரு சொல்லை எழுதி முடிக்கலாம் என்பது அதன் பெரிய சௌகரியம். அதன் வெற்றி எவ்வளவு பூரணமாக இருந்தது என்றால், நீதிமன்ற நடவடிக்கைகள் லத்தீனை விட்டு ஆங்கிலத்திலும், பழைய கோர்ட்டுக் கையை விட்டுச் சாதாரணமாகப் படிக்கக்கூடிய கையிலும் எழுதப்பட வேண்டும் என்று பார்லிமெண்டே சட்டம் செய்தது. அது அமலுக்கு வந்த 1733-ஆம் வருஷத்தில்தான் ஸ்னெல் கண்ணை மூடினார்.

ஸ்னெல்லை மற்ற எழுத்தாசான்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அவருடைய பிடிவாதம். சக ஆசான்களில் பலர், பேனாவை எடுக்காமலே பறவைகளையும் மிருகங்களையும் கோடுகளால் சுழித்து வரைந்து, அந்தச் சித்திர வேலையால் புத்தகத்தின் பக்கங்களை நிரப்பித் தங்கள் கைத்திறனை விளம்பரம் செய்துகொண்டிருந்த காலத்தில், இவர் அந்த வித்தைகளைக் கேலி செய்தார். எழுத்துக்களின் உயரத்துக்கும் அகலத்துக்கும் இத்தனைக்கு இத்தனை என்று விகிதங்களை வகுத்து, அவற்றை 'ஸ்டாண்டர்ட் ரூல்ஸ்' என்ற பெயரில் 1714-ஐ ஒட்டி வெளியிட்டார். கையெழுத்தைக் கணிதத்தால் கட்டிப்போடுவதா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஜான் கிளார்க் என்ற சக ஆசானோடு அவருக்கு மூண்ட தகராறு அச்சிலேயே ஏறிற்று. சங்கீத வித்வான்கள் லட்சணத்தைப் பற்றிச் சபையில் வாதாடுவதைக் கண்டிருக்கும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஸ்னெல்லின் கட்சி நமக்குக் கொஞ்சம் வறட்சியாகப் படலாம். ஆனால் அவர் மனசிலிருந்த பிரயோஜனத்தை நினைத்தால் அதன் நியாயம் விளங்கும்: காலையில் ஒரு குமாஸ்தா எழுதி நிறுத்திய பக்கத்தை மாலையில் வேறொரு குமாஸ்தா தொடர்ந்தால், சேர்ந்த இடம் தெரியக்கூடாது. எழுதுபவனுடைய சுபாவம் எழுத்தில் தெரியாமல் மறைய வேண்டும் என்பதே அந்தக் கையெழுத்தின் குறிக்கோள். அன்பின் தனிப்பட்ட ஸ்பரிசம் வேண்டும் என்று எந்த எழுத்தை இன்று கல்யாணப் பத்திரிகைக்குத் தேர்ந்தெடுக்கிறோமோ, அந்த எழுத்து.

அதன் சௌந்தர்யம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. வாத்தின் இறகைக் கூராகச் சீவி, நடுவில் பிளந்து எழுதும்போது, கை கீழ்நோக்கி இறங்கினால் அழுத்தத்தில் பிளவு விரிந்து கோடு கனக்கும். மேல்நோக்கி ஏறும்போது அழுத்தம் நீங்கிப் பிளவு கூடிக்கொள்ள, கோடு இழையாகிவிடும். கனமும் இழையும் மாறிமாறி வருவதுதான் அதன் லயம். ஆனால் ஆசான் எழுதியது அப்படியே மாணவன் கைக்கு வரவில்லை. இடையில் செதுக்குபவர் ஒருவர் இருந்தார். அவர் ஆசானின் எழுத்தைத் தாமிரத் தகட்டில் இடவலமாகத் திருப்பி, உளி போன்ற ஒரு கூர்முனையால் தோண்டினார். அந்த முனைக்கு மயிரிழையைவிட மெல்லிய கோடும் சாத்தியம், கைநடுக்கம் என்பதும் அதற்குக் கிடையாது. ஆகவே ஆசான் எழுதியதைச் செதுக்குபவர் ஒரு படி மெருகேற்ற, மெருகேறிய அந்த உருவத்தையே ஆசானின் கை என்று நம்பிய மாணவன், தகட்டில் மட்டுமே சாத்தியமான நேர்த்தியை இறகுப் பேனாவால் எட்டிப் பிடிக்க முயன்று பல வருஷங்களைச் செலவழித்தான். அந்த எழுத்துக்குத் தாமிரத் தகட்டின் பெயராகிய 'காப்பர்பிளேட்' என்பதே நிலைத்துவிட்டது. இந்தக் கலையின் மகா கிரந்தம் ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குபவர் 1733 முதல் 1741 வரை 52 பகுதிகளாக வெளியிட்ட 'யூனிவர்சல் பென்மேன்'. இருபத்தைந்து எழுத்தாசான்களின் கைகளை அவர் ஒருவரே தகட்டில் ஏற்றினார். அச்சைப் பார்த்துக் கை பழகியதா, கையைப் பார்த்து அச்சு பழகியதா என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டுபவர் திட்டமாக விடை சொல்லிவிட முடியாது.

ஸ்னெல்லின் வாழ்க்கையில் மற்றொரு சம்பவம் உண்டு; எழுத்துருவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை, கணக்கியல் சரித்திரம் எழுதுபவர்களோ அதை மட்டுமே சொல்கிறார்கள். 1720-ஆம் ஆண்டில் சௌத் சீ கம்பெனி என்ற ஸ்தாபனத்தின் பங்கு, நூறு பவுன் முகமதிப்புக்கு ஆயிரம் பவுன் வரையில் ஏறி, அதே வருஷத்தில் சரிந்து, பிரபுக்களையும் பாமரர்களையும் ஒன்றாகத் தெருவில் நிறுத்திற்று. மந்திரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பங்குகள் இனாமாகக் கைமாறியதைப் பார்லிமெண்ட் விசாரித்தது. கருவூலத்தின் செயலாளராக இருந்த சார்ல்ஸ் ஸ்டான்ஹோப் என்பவரின் பெயர் ஒரு பேரேட்டில் அழித்துத் திருத்தப்பட்டு, 'ஸ்டாங்கேப்' என்று ஒருவருக்கும் உரிமையில்லாத பெயராக நின்றது வெளிப்பட்டது. அவர் மூன்று வாக்கு வித்தியாசத்தில் தப்பினார் என்பது வேறு விஷயம். இந்த விவகாரத்தில் சிக்கிய சாபிரிட்ஜ் அண்ட் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களைப் பரிசோதித்து 1721-இல் அறிக்கை எழுதியவர் நம்முடைய ஸ்னெல்தான். ஒரு நிறுவனத்தின் கணக்கை வெளியார் ஒருவர் தணிக்கை செய்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறார்கள். எழுத்தின் லட்சணத்தை ஆயுள் முழுதும் அளந்துகொண்டிருந்த கண்கள், அழித்தெழுதிய பெயர்கள் மலிந்த ஒரு வழக்கின் பேரேடுகள்மேல் குனிந்திருந்த காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். வட்டக் கைக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை இருக்க முடியாது.

இந்த எழுத்து நம்முடைய கரைக்கு வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோக ஏணியில் கீழ்ப்படிக்கு 'ரைட்டர்' என்று பெயர். 1744-இல் சென்னைப் பட்டினத்துக்கு வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ் அந்தப் படியில்தான், வருஷத்துக்கு ஐந்து பவுன் சம்பளத்தில், காலை வைத்தார். பின்னால் அவர் செய்த காரியங்கள் நமக்குத் தெரியும். முதலில் செய்த காரியம் பிரதி எடுத்தல். கப்பல் மூழ்கினாலும் செய்தி மூழ்கக்கூடாது என்பதற்காக ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது கம்பெனியின் நியதி. அந்தப் பிரதிகளை எழுதுவதற்கென்றே பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள் கோட்டைக்குள் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து சேர்ந்திருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பதிவேடுகள் எல்லாம் இத்தகைய கைகளின் உழைப்பே. கம்பெனி போய்விட்டது; அந்த உத்தியோகப் பெயர் மட்டும் நம்முடைய போலீஸ் ஸ்டேஷன்களில் இன்னும் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "ரைட்டரைப் பாருங்க" என்று வாசலில் நிற்கும் காவலர் கை காட்டும்போது, அவர் தம்மை அறியாமல் கிளைவின் முதல் பதவியை உச்சரிக்கிறார்.

எங்கள் தலைமுறைக்கு அந்த வட்டக் கை பள்ளிக்கூடத்து நாலு கோட்டு நோட்டாக வந்தது. கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, நடு இரண்டு கோடுகளுக்குள் உடலும், மேல்கோட்டைத் தொட்டுத் தலையும், கீழ்கோட்டைத் தொட்டு வாலுமாக ஒரே வாக்கியத்தைப் பக்கம் முழுவதும் எழுத வேண்டும். முதல் வரி ஆசிரியரின் மாதிரியைப் பார்த்து எழுதப்படும். இரண்டாவது வரியோ முதல் வரியைப் பார்த்தும், மூன்றாவது இரண்டாவதைப் பார்த்தும் எழுதப்படுமாகையால், பக்கத்தின் அடிக்கு வரும்போது எழுத்து எங்கோ போய் நிற்கும். அதற்குரிய பலனைப் பிரம்பு கொடுத்தது. கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்று பாட்டி சொல்லி ஆறுதல் அளித்தாள்.

இந்தக் கையை அச்செழுத்தாக்குவது அச்சுக்கலையில் மிகப் பழைய தலைவலிகளுள் ஒன்று. ஈய எழுத்து என்பது ஒரு செவ்வகக் கட்டை. அதன் முகத்தில் எழுத்து புடைத்து நிற்கும். நிமிர்ந்த எழுத்துக்கு அந்தச் செவ்வகம் போதும். சாய்ந்த எழுத்தின் தலை வலப்பக்கத்துக் கட்டையின் மேலும், வால் இடப்பக்கத்துக் கட்டையின் மேலும் நீண்டுவிடும். ஈயத்தில் அப்படி வெளியே நீளும் பாகம் பூட்டும்போதோ அச்சேறும்போதோ முறிந்துபோகும். முறியாமல் இருக்கச் செவ்வகத்துக்குள் அடக்கினால், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே சந்து விழுந்து, தொடர்ந்து ஓட வேண்டிய கோடு கண்டதுண்டமாகிவிடும். பாரிஸில் ஃபிர்மின் டிடோ என்ற மேதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டையையே சாய்வாக வார்த்து இந்தச் சங்கடத்தை ஒருவாறு சமாளித்தார். ஆனால் 1886-இல் நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையில் வேலை தொடங்கிய லைனோடைப் யந்திரம், பித்தளை அச்சுக்களை வரிசையாக அடுக்கி வரி வரியாக ஈயத்தை வார்ப்பது. ஓர் அச்சு மற்றோர் அச்சின் எல்லைக்குள் ஓர் இழையளவும் நுழைய முடியாது. வேகம் வந்தது, அழகான சாய்வுக் கைகளுக்கு அந்த வேகத்தில் பங்கு கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் மாத்யூ கார்ட்டர் வருகிறார். அச்சுக்கலை அறிஞர் ஹாரி கார்ட்டரின் புதல்வராக 1937-இல் லண்டனில் பிறந்த இவர், பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய வயதில் ஹாலந்து தேசத்து ஹார்லெம் நகரத்தில், என்ஸ்கெடே என்ற பழம்பெரும் அச்சுச்சாலையில், எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலமாகத் திருப்பிச் செதுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். அதைக் கற்றபோதே அதற்கு உலகத்தில் வேலை கிடையாது. மடிந்துகொண்டிருக்கும் வித்தையை இளமையில் கற்பதில் ஒரு பலன் உண்டு; பின்னால் வரும் யந்திரங்கள் எவற்றை விட்டுவிடுகின்றன என்பது கற்றவனுக்குத் தெரியும். 1965-இல் அமெரிக்காவில், புரூக்ளினிலிருந்த லைனோடைப் நிறுவனத்தில் அவர் சேர்ந்தபோது ஈயம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒளியை எழுத்தின் உருவத்தினூடே பாய்ச்சி, ஃபிலிமில் பதியவைக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்துவிட்டது. ஒளிக்குக் கட்டை கிடையாது; ஓர் எழுத்தின் வால் விழுந்த இடத்திலேயே அடுத்த எழுத்தின் முகம் விழலாம். ஈயத்தில் முடியாத எதை இதில் செய்து காட்டலாம் என்று தேடிய கார்ட்டர், இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கரின் கையைத் தேர்ந்தெடுத்தார். ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் 1966-இல் வெளிவந்தது.

அதில் அவர் தீர்த்த சிக்கலைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். நாம் கையால் எழுதும்போது அடுத்த எழுத்து எது என்று கைக்குத் தெரியும். அதற்கேற்ப வாலைத் தாழ்த்தவோ உயர்த்தவோ செய்கிறோம். அச்செழுத்துக்கு அடுத்தது யார் என்று தெரியாது. ஆங்கிலத்தின் சிறிய எழுத்துக்கள் இருபத்தாறும் ஒன்றோடொன்று சேரக்கூடிய ஜோடிகள் 676. அவற்றில் ஏ, என், யு முதலியவை அடிக்கோட்டில் முடிந்து மேலே எழும்புகின்றன; ஓ, வி, டபிள்யூ, பி ஆகியவையோ உச்சியில் முடிகின்றன. அடியிலிருந்து வரும் கையையும் உச்சியிலிருந்து வரும் கையையும் ஒரே தோள் எப்படித் தாங்கும்? ஒவ்வோர் எழுத்தும் வெளியேறும் இழை ஒரே சாய்வில், ஒரே கனத்தில், ஒரே உயரத்தைத் தொட்டு நிற்கும்படியும், அடுத்து வரும் எழுத்து எதுவாயினும் அந்த இடத்தில் அதை ஏற்றுக்கொள்ளும்படியும் செய்துவிட்டால், ஜாதகப் பொருத்தம் பாராமலே எந்த எழுத்தையும் எந்த எழுத்தோடும் சேர்த்துவிடலாம். சொல்வதற்கு எளிது. இழை ஓர் அணு தடித்தால் சேர்ந்த இடத்தில் முடிச்சு விழும். மெலிந்தால் வெட்டுத் தெரியும். இவ்வளவு கண்டிப்புக்கு ஆடம்பரமான கை எதுவும் கட்டுப்பட்டிருக்காது. அன்றே விகிதங்களுக்கு உட்பட்டு நின்ற ஸ்னெல்லின் கை சுலபமாகக் கட்டுப்பட்டது என்பது என் அபிப்பிராயம். கிளார்க்கோடு அவர் போட்ட சண்டையின் தீர்ப்பு புரூக்ளினில் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கார்ட்டர் 1972-இல் இதற்குத் தடித்த உருவங்கள் இரண்டைச் சேர்த்தார். அதே வருஷம், ஸ்னெல்லின் சமகாலத்தவரான ஜார்ஜ் ஷெல்லியின் கையை ஆதாரமாகக் கொண்டு மற்றோர் எழுத்தையும் செய்து, அதன் மூன்று வடிவங்களுக்கு ஆண்டான்டே, அலெக்ரோ, வொலாந்தே என்று மேனாட்டு சங்கீதத்திலிருந்து பெயர்களை எடுத்துச் சூட்டினார். நம்முடைய விளம்பம், மத்தியமம், துரிதம் போல, சுழிப்பு ஏற ஏற வேகம் ஏறுவது. வெர்டானா, ஜார்ஜியா என்று கம்ப்யூட்டர் திரையில் கோடிக்கணக்கானவர்கள் படித்த எழுத்துக்களைப் பின்னால் அமைத்தவரும் இவரே. திரையில் தெளிவாகத் தெரிவதற்கென்று வெர்டானாவை மொட்டையாக வெட்டிய கையும், ஸ்னெல்லின் இழைகளை இழைத்த கையும் ஒன்று என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் என் மருமகளுக்கு ஒரேயடியாக நான் சொல்லிவிடவில்லை. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது, காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவள் பட்டியலை நகர்த்தி, "இது இன்னும் ஜோரா இருக்கே மாமா" என்று மற்றோர் எழுத்துருவைத் தொட்டாள். ஸாப்ஃபினோ. அந்தப் பெயரையே ஆங்கிலத்தில் அடித்துப் பார் என்றேன். ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. கடைசி ஓவை அடித்ததும், அதுவரை தனித்தனியாக நின்ற எழுத்துக்கள் சட்டென்று கலைந்து, முதல் எழுத்தின் வீச்சும் நடுவெழுத்துக்களின் சுழிப்பும் பின்னிக்கொண்டு ஒரே சித்திரமாக எழுந்து நின்றன. "ஐயோ, இது என்ன மாயம்!" என்று ஊஞ்சலைக் காலால் நிறுத்தினாள்.

மாயத்துக்குப் பின்னால் ஹெர்மன் ஸாப்ஃப் என்ற ஜெர்மானியர் இருக்கிறார். 1918-இல் நூரம்பெர்க்கில் பிறந்த இவர் மின்சார எஞ்சினியராக விரும்பினார். தொழிற்சங்கத்தில் ஈடுபட்டிருந்த தகப்பனார் நாஜிகளின் விரோதத்துக்கு ஆளானதால் மேற்படிப்பின் கதவு சாத்தப்பட்டு, 1934-இல் ஓர் அச்சகத்தில் படங்களைத் திருத்தும் தொழிலுக்குப் பயிற்சிபெறச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ருடால்ஃப் காக் என்ற எழுத்துக் கலைஞரின் நினைவாக நடந்த கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஆசிரியர் எவருமின்றிப் புத்தகங்களை வைத்துக்கொண்டே கையெழுத்துக் கலையைப் பயின்றார். யுத்தத்தில் அவருக்குக் கிடைத்தது வரைபடம் வரையும் வேலை. 1944-இல், ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தபோது, தம்முடைய சிறு வரைபுத்தகத்தின் ஒரு பக்கத்தில் அவர் எழுதிய எழுத்துக்களிலிருந்து வந்ததுதான் ஸாப்ஃபினோ. அதை ஈயத்தில் வார்க்க முடியவில்லை. பலட்டினோ, ஆப்டிமா என்று உலகப் புகழ்பெற்ற அச்செழுத்துக்களை அவர் அமைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்தப் பக்கம் காத்திருந்தது.

1993-இல் டேவிட் சீகல் என்ற அமெரிக்கர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே எழுத்துக்குப் பல உருவங்களைச் செய்து வைத்து, எது எங்கே விழுவது என்பதை ஒழுங்கின்மையைப் பற்றிய கணிதத்தின் துணைகொண்டு யந்திரமே தீர்மானிக்கும்படி செய்தால், அச்சும் கையைப் போலவே ஒரு தடவை எழுதியதை மறு தடவை அப்படியே எழுதாது அல்லவா என்பது அவர் யோசனை. எழுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்த ஸாப்ஃப் உற்சாகத்தோடு பழைய பக்கத்தை எடுத்தார். வேலை பெரும்பாலும் முடிந்த தருணத்தில் சீகல் விலகிப்போனார். ஸாப்ஃப் மனம் தளராமல் லைனோடைப்பை அணுக, 1998-இல் நான்கு அகரவரிசைகளும் அலங்காரச் சுழிப்புகளுமாக எழுத்துரு வெளிவந்தது. 2003-இல் அகிரா கோபயாஷி என்ற ஜப்பானியக் கலைஞரோடு சேர்ந்து அதை இன்னும் விஸ்தரித்தார். 2015-இல் மறைந்த அவருடைய கடைசிக் காலம் வரையில், கையின் சபலத்தை யந்திரத்துக்குக் கற்பிக்கும் ஆசை அவரை விட்டதாகத் தெரியவில்லை. கையை அச்சைப் போல் அடக்க விரும்பியவர் ஸ்னெல்; அச்சைக் கையைப் போல் அவிழ்த்துவிட விரும்பியவர் ஸாப்ஃப். நேர் எதிரான இருவரும் ஒரே மடிக்கணினியின் பட்டியலில் விரலால் தள்ளும் தூரத்தில் இருக்கிறார்கள்.

கடைசியில் மருமகள் ஸ்னெல்லுக்கே திரும்பினாள். ஸாப்ஃபினோவின் வீச்சுக்கு மேலும் கீழும் வெற்றிடம் ஏராளமாக வேண்டும். நம்முடைய பத்திரிகையிலோ இரு வீட்டுப் பெரியவர்கள், மண்டபத்தின் விலாசம், முகூர்த்த நேரம், வரவேற்பு, இவற்றோடு "தங்கள் நல்வரவை விரும்பும்" சிற்றப்பாக்கள் வரையில் இடம் பிடித்தாக வேண்டும். அவள் பெயர்களை மட்டும் அமைத்த பக்கம் மனோகரமாக இருந்தது. அதைத் தங்கை வீட்டுக்காரர் பார்த்த பிறகுதான் விபரீதம் ஆரம்பமாயிற்று. அழகான எழுத்து என்றால் எல்லாவற்றுக்கும் அதையே போட்டால் என்ன என்று கேட்டு, மண்டபத்தின் பெயர் முதல் டெலிபோன் நம்பர் வரையில் மாற்றச் செய்தார். அதோடு மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் மூன்று இனிஷியல்களும், பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்ற பட்டங்களும் வந்து சேர்ந்தன.

இத்தகைய எழுத்தைப் பிரயோகிப்பதில் முதல் விதியே, பெரிய எழுத்துக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதுதான். வட்டக் கையில் பெரிய எழுத்து என்பது ஒரு பெயரின் வாசலில் போடும் கோலம். அதன் சுழிப்பு முழுவதும் பின்னால் வரும் சிறிய எழுத்துக்களின் அடக்கத்தை நம்பி நிற்கிறது. மூன்று கோலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் யாருக்கும் எதுவும் விளங்காது. நம்மவர் பெயர்களில் இனிஷியலும் பட்டமும் சேர்ந்து, இங்கிலாந்தில் ஸ்னெல் கனவிலும் காணாத பெரிய எழுத்துக் கூட்டத்தை உண்டாக்கிவிடுகின்றன. இடத்தை நிரப்புவதற்காக எழுத்துக்களை விலக்கி வைப்பது அதைவிடப் பெரிய அபசாரம். கைகோத்து நிற்பவர்களைப் பிடித்து இழுத்து நிறுத்தியது போல், ஒவ்வோர் எழுத்தும் கையை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். டெலிபோன் நம்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் தாய்மாமனின் அதிகாரத்தைக் கொஞ்சம் உபயோகித்து, பெயர்கள் இரண்டைத் தவிர மற்றவற்றையெல்லாம் நிமிர்ந்த சாதாரண எழுத்துக்கு மாற்றச் செய்தேன். இனிஷியல்களும் பட்டங்களும் அடுத்த வரியில் சிறிய அளவில் அமைதியாக உட்கார்ந்தன.

மறுநாள் அச்சகத்திலிருந்து டெலிபோன் வந்தது. "சார், பேர் கோல்டு ஃபாயில்ல வருது. இந்த மெல்லிசு கோடெல்லாம் பிடிக்காது, உதிர்ந்துடும். கொஞ்சம் போல்டா குடுங்க." நூற்றுக்கு நூறு உண்மை. மெரூன் அட்டையின்மேல் சூட்டோடு அழுத்தும் தங்கப் படலத்துக்குத் தாமிரத் தகட்டின் இழை தாங்காது. வாட்ஸ்அப்பில் படமாகச் சுருங்கிப் போகும் பத்திரிகையிலும் முதலில் மறைவது அந்த இழைதான். வாசனைத் திரவியக் குப்பியின் லேபிளிலும், நகைக்கடைப் பெட்டியின் மூடியிலும், பட்டமளிப்புச் சான்றிதழிலும் இந்த ஜாதி எழுத்துக்கள் சோபிக்கிறதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகைக்கும் அதையே எழுதச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் வருபவர் அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் காரியத்துக்கு 1972-இல் கார்ட்டர் சேர்த்த தடித்த உருவம் கைகொடுத்தது. தங்கம் உதிரவில்லை.

பத்திரிகைகள் நானூறும் கட்டாக வந்து இறங்கின. கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் காய வைத்த பிறகு, மேலே விலாசம் எழுத வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரிலேயே அடித்து ஒட்டிவிடலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, அது மரியாதையாக இராது என்று வீட்டுப் பெண்கள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசின மாமாவே எழுதட்டும் என்று மருமகள் பேனாவையும் ஜாபிதாவையும் என் முன்னால் வைத்தாள். முதல் பத்துக் கவர்களையும், நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஸ்னெல் பார்த்தால் தலையசைத்திருப்பார். நாற்பதைத் தாண்டும்போது சாய்வு நிமிர ஆரம்பித்தது. நூறுக்கு மேல் ஆங்கில எஸ் தன் வயிற்றை இழந்தது. இருநூற்றுச் சொச்சத்தில், மயிலாப்பூர் என்பதை நான் எழுதியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, மருமகள் ஜாபிதாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "மாமா, மிச்சத்தை நான் எழுதறேன், நீங்க காப்பி சாப்பிடுங்க" என்றாள்.